வண்டு விதை

ஆரணியில் பட்டுப் புடவை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு கண்ணாடி கொடுத்தார். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரித்துத் துணிமேல் நிறுத்திக் குனிந்து பார்த்தால் பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை என்று எண்ணிவிடலாம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இழையைப் பாருங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மார்கழியில் ஒருநாள் சந்தவாசல் வழியாகப் படவேட்டுக்குப் போய், அங்கிருந்து மலையடிவாரத்துக்கு நடந்தேன்.

ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி பிறப்பது ஜவ்வாது மலையில். ஊரில் தறிச்சத்தம் கேட்கும் தெருவில் நின்று மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில் அந்த மலையின் நீலக் கோடு தெரியும். மேலே ஏறினால் ஓடை ஓரங்களில் ஈரக்காடு உண்டு. கீழ்ச்சரிவு முழுக்க வேறு உலகம்: பாறை, பாறைக்கு மேல் ஒரு சாண் மண், அந்த மண்ணில் உசில், களா, விராலி. மழை நின்ற இரண்டே மாதத்தில் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும்.

ஒரே சரிவில் அவரைக் குடும்பத்தின் எத்தனை முகங்கள்! உசில் அந்தக் குடும்பம். ஆவாரை அந்தக் குடும்பம். காலில் மிதிபடும் கொழிஞ்சியும், புதரில் சிவந்து தொங்கும் குன்றிமணியும் அதே குடும்பம். ஆரணி போன்ற நெசவூர்களுக்கு ஒரு காலத்தில் நீலம் கொடுத்த அவுரியும் இந்தக் குடும்பம்தான். உலகில் ஏறத்தாழ 19,500 சிற்றினங்கள் இதில் அடங்கும். பூக்கும் தாவரங்களில் ஆர்க்கிட் குடும்பத்துக்கும் சூரியகாந்திக் குடும்பத்துக்கும் அடுத்த பெரிய குடும்பம். நாங்கள் கல்லூரியில் படித்தபோது ஆவாரை ஒரு துணைக்குடும்பம், உசில் இன்னொரு துணைக்குடும்பம். 2017-இல் உலக அவரைக் குடும்ப ஆய்வாளர்கள் கூடி, டி.என்.ஏ. சான்றைக் கொண்டு குடும்பத்தை ஆறு துணைக்குடும்பங்களாகத் திருத்தி அமைத்தார்கள். இப்போது ஆவாரையும் உசிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பெயர்ப்பலகை மாறியது செடிகளுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் தேடி வந்தது இவற்றில் எதுவும் இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் ஓர் இலையையும் பறிக்கக்கூடாது. ஆகவே நின்றது அறுவடை முடிந்த ஒரு சாமைக் கொல்லையின் வரப்பில். அங்கே காய்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டு மெல்லிய கொடி ஒன்று படர்ந்திருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வயதான அம்மா நான் மண்டியிட்டதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"என்னா தம்பி தேடற?"

"இது என்ன கொடிம்மா?"

"இதுவா? தொவர மாதிரி இருக்கும், தொவர இல்ல. காய் முத்தனா வெடிச்சிப் பூடும். ஆடு துன்னும், அவ்ளோதான்."

துவரை மாதிரி, ஆனால் துவரை இல்லை. இரண்டரை நூற்றாண்டுகளாகத் தாவரவியலாளர்கள் இந்தக் கொடியைப் பற்றி விவாதித்ததெல்லாம் இந்த ஒரே வரியைத்தான். இந்த அத்தியாயத்தில் இதைக் காட்டுத்துவரை என்றே அழைக்கிறேன். அறிவியல் பெயர் கஜானஸ் ஸ்காராபியாய்டிஸ். அந்தப் பெயரை அது எப்படி அடைந்தது என்பது பின்னால் வரும். முதலில் அது இதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

தாவரங்களை அடையாளம் காணும் நூல்கள் ஒரு கேள்வி கேட்டு இரண்டு பாதை காட்டும். ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த கேள்வி. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரச் சேகரத்திலிருந்து அருட்தந்தை கே.எம். மேத்யூ 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் தாவரத் தொகுதி அப்படிப்பட்ட நூல். கர்நாட்டிக் என்பது நம் கிழக்குச் சமவெளிக்கும் அதில் எழும் மலைகளுக்கும் வழங்கிய பழைய பெயர். நம் பக்கத்து மலைச் செடி எதையாவது பெயரிட்டு அழைக்க நினைப்பவர் அந்தப் பெரிய உழைப்பின் வாசலைத் தாண்டாமல் போக முடியாது.

இலையில் தொடங்கினேன். காம்பு ஒன்று, அதன் நுனியில் மூன்று சிற்றிலைகள். அவரை, மொச்சை, பயறு, துவரை எல்லாமே இப்படித்தான் என்பதால் இதை வைத்து ஒன்றும் முடிவாகாது. சிற்றிலையைத் திருப்பி, புடவைக் கண்ணாடியை வைத்தேன். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் கலந்த மயிர். மயிர்களுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள். அவை பிசின் சுரப்பிகள். இந்தப் புள்ளிகள் பெரிய விஷயம். அவரையிலும் காராமணியிலும் இவை கிடையாது. துவரைக் கூட்டத்தில்தான் உண்டு. ஒரே பார்வையில் நூற்றுக்கணக்கான சிற்றினங்கள் விலகிவிட்டன.

ஆனால் துவரைக் கூட்டத்திலும் ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். ரின்கோசியா என்ற பேரினத்தின் கொடிகள் இதே மாதிரி வறண்ட இடத்தில், இதே மாதிரிப் புள்ளிகளோடு, இதே மாதிரி மஞ்சள் பூவோடு படரும். பூ இங்கே உதவாது. ஒரு கொடியிதழ், இரண்டு சிறகிதழ், படகுபோல் சேர்ந்த இரண்டு அடியிதழ், பத்து மகரந்தத் தாள்களில் ஒன்பது ஒட்டியும் ஒன்று தனித்தும் நிற்பது: எல்லாம் இருவருக்கும் பொது. காயைப் பிரித்தால்தான் வழக்கு தீரும். ரின்கோசியா காயில் ஒன்றோ இரண்டோ விதை. என் கையில் இருந்த காய் இரண்டு சென்டிமீட்டர் நீளம். உள்ளே ஐந்து விதை. காயின் வெளிப்புறத்தில், விதைக்கும் விதைக்கும் நடுவே குறுக்காக அழுத்தியதுபோல் பள்ளம். நாட்டுத் துவரைக் காயிலும் அந்தப் பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம். தீபகற்பத்தின் வறண்ட மலைச் சரிவுகளில் கஜானஸ் ஆல்பிகன்ஸ் என்ற நெருங்கிய உறவும் உண்டு. அதன் இலை அகலமானது, அடிப்பக்கம் வெளுப்பு. ஆல்பிகன்ஸ் என்றால் வெளிறியது என்றே பொருள். காயும் அகலம். என் கொடியின் காய் குறுகலாக, பொன்னும் பழுப்பும் கலந்த நீள மயிர் அடர்ந்து, கம்பளிப்பூச்சியைத் தொட்டதுபோல் இருந்தது.

கடைசியாக விதை. கறுப்பும் பழுப்பும் படிந்த, மூன்று நான்கு மில்லிமீட்டர் விதை. கண்ணாடிக்குக் கீழே வைத்தபோது என்னை அறியாமல் சிரித்துவிட்டேன், சந்தோஷத்தில். காயோடு விதை ஒட்டியிருந்த தழும்பின் மேல் வெளிறிய சதைப்பற்றான ஒரு மேடு. எருதின் திமில் மாதிரி. பக்கவாட்டில் பார்த்தால் தலையை முன்னே நீட்டி உட்கார்ந்திருக்கும் வண்டு. ஸ்காராபியாய்டிஸ் என்றால் வண்டு போன்றது. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார். இரண்டரை நூற்றாண்டு கழித்து, படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொல்லையில், அதே வண்டு என் உள்ளங்கையில்.

இந்தத் திமில்தான் பிற்பாடு பெரிய குழப்பத்துக்கும் காரணமாயிற்று.

லின்னேயஸ் இந்தக் கொடியைச் சேர்த்தது டோலிக்கஸ் பேரினத்தில். மொச்சையும் அவர் கணக்கில் டோலிக்கஸ்தான். நம் பயிர்த் துவரையை அவர் வைத்ததோ சைடிசஸ் என்ற வேறொரு பேரினத்தில். இரண்டும் உறவு என்பதே அப்போது பதிவாகவில்லை. பிறகு துவரைக்கென்று கஜானஸ் பேரினம் வந்தது. பயறு வகைகளுக்கு மலாய் மொழியில் வழங்கும் கச்சாங் என்ற சொல்லின் சாயல் அதில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் து பெத்தி தூவார் நம் கொடியைத் துவரையோடு ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார். சரியான முடிவு அது. ஆனால் நிலைக்கவில்லை.

நிலைக்காமல் போனதற்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இங்கே வந்தார். வைத்தியத்தைவிடச் செடிகளில் மனம் அதிகம் போனவர். தென்னிந்தியா முழுக்கச் செடிகளைச் சேகரித்து, ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்களை அடுத்தடுத்து அமர்த்தி ஆயிரக்கணக்கில் படம் வரையச் செய்தார். அந்தப் படங்கள் இல்லாமல் தென்னிந்தியத் தாவரவியல் இல்லை. அந்தக் காலத்துக் கம்பெனி அதிகாரிகள் பலர் ஓவியரின் பெயரைக் குறிக்கவே மாட்டார்கள். வைட் பெயரைப் போட்டார். 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். அவர்மேல் எனக்குள்ள மரியாதை இதனால் இரண்டு மடங்கு.

வைட்டும் அவருடைய நண்பர் ஆர்னட்டும் 1834-இல் தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார்கள். ஒரு தொகுதியோடு நின்றுபோன நூல். ஆனால் அந்த ஒரு தொகுதியே பல பேரினங்களுக்குப் பிறந்த வீடு. அதில் துவரையின் காட்டு உறவுகளுக்கு இரண்டு புதிய பேரினங்கள் உருவாயின. ஒன்று அடைலோசியா. மற்றொன்று கேந்தரோஸ்பெர்மம், அதற்கும் வண்டு விதை என்றுதான் பொருள். லின்னேயஸ் பார்த்த அதே திமில் அவர்களையும் பிடித்து நிறுத்தியிருக்கிறது. 1852-இல் ஆங்கிலத் தாவரவியலாளர் பெந்தம் நம் கொடியை அடைலோசியாவில் கொண்டுவந்து வைத்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக நூல்களில் வழங்கியது ஒரு நேர்க்கோடு: விதையில் திமில் இருந்தால் அடைலோசியா, இல்லாவிட்டால் துவரை.

பார்க்கத் தெளிவான கோடுதான். மாணவனுக்குச் சொல்லித்தர எளிது, கண்ணாடி இருந்தால் யாரும் சோதிக்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக அது உறவைச் சொல்லிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கரை வேறாக இருக்கும் இரண்டு புடவைகள் ஒரே தறியில் இறங்கியிருக்கலாம். கரையை மாற்ற, உரு போடும் ஜக்கார்டுக் கருவியில் அட்டையை மாற்றினால் போதும், பாவு அதுவேதான்.

செடிகளில் அந்தப் பாவை எப்படிப் பார்ப்பது? கலந்து பார்ப்பது ஒரு வழி. 1956-இல் தியோதிகர், தாக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் துவரைக்கும் நிமிர்ந்து வளரும் சில அடைலோசியாக்களுக்கும் உள்ள நெருக்கத்தைக் குரோமோசோம் சான்றோடு எழுதினார்கள். இரண்டு பக்கமும் 11 இணைக் குரோமோசோம்கள். துவரைப் பூவில் காட்டுச் செடியின் மகரந்தத்தைத் தூவினால் காய் பிடித்தது. அந்த விதை முளைத்து வளர்ந்த செடியும் விதை கொடுத்தது. நம் வண்டு விதைக் கொடியும் பிறகு இப்படித் துவரையோடு கலந்தது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரியவந்தது: அந்தப் புகழ்பெற்ற திமில் ஒரு சில மரபணுக்களின் வேலை. பயிர்த் துவரையிலேயே சில ரகங்களில் அதன் மிச்சம் தெரியும். வீட்டில் துவரை வாங்கினால் கொஞ்சம் விதையை மேசையில் கொட்டிப் பாருங்கள். பருப்பு உதவாது, தோலோடு கூடிய முழுத் துவரை வேண்டும்.

ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972-இல் தொடங்கிய இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த டச்சுத் தாவரவியலாளர் வான் டெர் மேசன் இந்த வழக்கைக் கையில் எடுத்தார். பல நாட்டுச் சேகரங்களில் இருந்த உலர்ந்த செடித்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, மலைகளில் நடந்து, 1980-களின் நடுவில் ஒரு தனிநூல் எழுதினார். முடிவு: அடைலோசியா என்று தனியாக ஒன்று இல்லை. எல்லாம் கஜானஸ். பெயர் வைப்பதில் முந்தியது நிற்கும் என்பது விதி. அடைலோசியாவைவிட கஜானஸ் மூத்த பெயர். ஆக 32 சிற்றினங்கள் ஒரு பேரினத்தில் சேர்ந்தன. பெரும்பாலானவை ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும். ஒன்று மட்டும் மேற்கு ஆப்பிரிக்காவில். அந்த 32-இல் மனிதன் விதைத்து அறுப்பது ஒன்றே ஒன்று, நம் துவரை. து பெத்தி தூவார் போட்ட பெயரே கடைசியில் நம் கொடிக்குத் திரும்பி வந்தது.

துவரையின் நேர் மூதாதை இந்த வண்டு விதைக்கொடி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெருமை கஜானஸ் கஜானிஃபோலியஸ் என்ற நிமிர்ந்த புதர்ச்செடிக்கு. ஒடிசாவிலும் பஸ்தரிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் வளர்கிறது. துவரை பிறந்தது இந்தியாவில்தான் என்பதற்கு அது பெரிய சாட்சி. படவேட்டுக் கொடி கொஞ்சம் தள்ளிய உறவு. சித்தப்பா வீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சித்தப்பா வீட்டில் இருக்கும் சொத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச ஆசை.

துவரை போட்ட எந்தக் குடியானவரைக் கேட்டாலும் காய்ப்புழுவைத்தான் திட்டுவார். ஹெலிகோவெர்பா என்ற அந்தப் புழு பூவையும் காயையும் துளைத்து விதையைத் தின்றுவிடும். கொஞ்சம் வளர்ந்துவிட்டால் மருந்து அடித்தும் அடங்காது. துவரைக் காயின் மேல் சுரப்பு மயிர்கள் உண்டு. காய்மேல் படிந்திருக்கும் பொருள்கள் புழுவைத் தின்னத் தூண்டுகின்றன என்று ஆய்வுகளில் தெரியவந்தது. நாமே பந்தி விரித்து வைத்ததுபோல. காட்டுத்துவரைக் காயில் நிலைமை தலைகீழ். அங்கே சுரப்பு இல்லாத, வெறும் மயிர்கள் அடர்ந்து நிற்கின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த புழு மிகச் சிறியது. அந்த மயிர்க்காட்டில் கால் வைத்து நடந்து காய்த்தோலை அடைவதற்குள் பலவும் சோர்ந்து செத்துப்போகின்றன. நான் கம்பளிப்பூச்சி என்று நினைத்துத் தடவிய அந்த மயிர்தான் அதன் வேலி. அடையாளம் காண உதவிய பண்பே காவலும் காக்கிறது.

இரண்டாவது சொத்து இன்னும் ஆழத்தில் இருக்கிறது. நெல்லில், கம்பில் வீரிய ஒட்டு ரகம் வந்துவிட்டது. துவரையில் அது நெடுநாள் எட்டாக்கனி. ஒட்டு விதை எடுக்கத் தாய்ச்செடியின் பூவில் சொந்த மகரந்தம் வேலை செய்யக்கூடாது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 1990-களில் ஒட்டுத் துவரை வெளியிட்டது. ஆனால் அந்த முறையில் தாய் வரிசையில் பாதிச் செடிகள் மகரந்தம் உள்ளவையாகவே முளைக்கும். பூக்கும் நேரத்தில் ஒவ்வொரு செடியாகப் பார்த்து அவற்றைப் பிடுங்கி எறிய வேண்டும். எவ்வளவு கூலி, எவ்வளவு நேரம்!

தீர்வு காட்டுத்துவரையிடம் இருந்தது. அதைத் தாயாக வைத்துத் துவரையின் மகரந்தத்தைத் தூவினார்கள். பிறந்ததை மறுபடி துவரையோடு, அதன் பிள்ளையை மறுபடி துவரையோடு என்று தலைமுறை தலைமுறையாகக் கலந்தார்கள். உட்கருவில் உள்ள மரபுச் செய்தி ஒவ்வொரு தடவையும் துவரைப் பக்கம் சாய்ந்துகொண்டே வரும். ஆனால் செல்லின் உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது, அதற்கென்று தனி மரபுச் செய்தியோடு. அது தாய்வழி மட்டுமே வரும். ஏழெட்டுத் தலைமுறை கழித்துக் கிடைப்பது ஊடை முழுக்க வயல் துவரை, பாவு மட்டும் மலைக்கொடி. இரண்டுக்கும் ஒத்துப்போகாததால் மகரந்தம் உருவாவது நின்றுவிடுகிறது. செடி மற்றபடி திடமாக இருக்கும். இப்போது தாய் வரிசையில் பிடுங்கி எறிய ஒன்றுமில்லை. குஜராத்தில் வெளியான ஜி.டி.எச்-1 என்ற ஒட்டுத் துவரை இந்த வண்டு விதைக்கொடியின் தாய்வழியில் வந்தது. 2010-இல் மத்தியப் பிரதேசத்தில் வெளியான ஐ.சி.பி.எச் 2671 கஜானிஃபோலியஸின் தாய்வழி.

2012-இல் துவரையின் மரபணுத் தொகுதியின் வரைவு வெளியானது. 48,680 மரபணுக்கள் என்று கணக்கிட்டார்கள். அந்தத் தொகுதியை வைத்துக்கொண்டு காட்டு உறவுகளில் எந்த மரபணு வேறாக இருக்கிறது என்று இப்போது இழை இழையாகத் தேட முடிகிறது. தேட வேண்டுமானால் கையில் விதை இருக்க வேண்டும். இக்ரிசாட்டின் விதை வங்கியில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துவரை மாதிரிகள் இருக்கின்றன. அவற்றில் காட்டுச் சிற்றினங்களின் மாதிரிகள் சில நூறுதான்.

காட்டுத்துவரை அழியும் நிலையில் உள்ள செடி அல்ல. ஆசியாவில் பரவலாக உள்ள கொடி. என் கவலை அதனாலேயே. அரிய செடிக்கு ஆள் கிடைப்பார். வரப்பில் கிடக்கும் செடியை எவரும் சேகரிக்க மாட்டார். ஜவ்வாதுச் சரிவில் ஒரு சாண் மண்ணில், நீண்ட வறட்சியைத் தாங்கிப் பழகிய கொடியும், மழை கொட்டும் ஊரில் வளர்ந்த கொடியும் பெயரில் ஒன்று. உள்ளே இருக்கும் செய்தி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உண்ணிச்செடி ஏறிய சரிவில் இந்த மெல்லிய கொடிக்கு வெயில் கிடைக்காது. வரப்பைச் சிமென்டாக்கினால் அதுவும் போயிற்று.

அந்த அம்மா சொன்னதைப் போலவே, பையில் போட்ட காய்களில் இரண்டு இரவில் வெடித்துத் திருகிக் கிடந்தன. காடு தன் விதையைத் தானே எறிந்துகொள்ள வேண்டும். வயலில் அந்தக் குணம் இருந்தால் அறுவடைக்கு ஒன்றும் மிஞ்சாது. நம் முன்னோர் வெடிக்காத காயாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்ததில் உருவானதுதான் துவரை. காட்டு விதையின் தோலும் கெட்டி. பத்து விதையை ஈரத்துணியில் வைத்தேன், ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பத்தை எடுத்து, தோலில் பிளேடால் லேசாகக் கீறி வைத்தேன். நான்காம் நாள் ஏழு முளைத்தன.

ஒரு கிளையைப் பூவோடும் காயோடும் செய்தித்தாள் நடுவில் வைத்து அழுத்தி உலர்த்தினேன். விதை ஐந்தைக் காகித உறையில் போட்டு ஓரத்தில் ஒட்டினேன். அடியில் எழுதினேன்: இடம், நாள், சரிவு எந்தத் திசை, மண் எப்படி, பக்கத்தில் என்ன செடிகள், ஆடு தின்னும் என்று மேய்ப்பவர் சொன்னது. பழைய சேகரங்களில் இப்படிப்பட்ட தாள்களைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பெயரைத் திருத்தும் அறிஞர் முந்தைய சீட்டைக் கிழிப்பதில்லை. அதன் அருகே தன் சீட்டை ஒட்டி, கையெழுத்தும் ஆண்டும் இடுகிறார். ஒரே காய்ந்த கொடியின் பக்கத்தில் ஒருவர் கையெழுத்தில் கேந்தரோஸ்பெர்மம், இன்னொருவர் கையெழுத்தில் அடைலோசியா, பிறகு வந்தவர் கையெழுத்தில் கஜானஸ் என்று மூன்று சீட்டுகள் இருக்கலாம். என் தாளில் இப்போதைக்கு ஒரு சீட்டுதான். அடுத்த சீட்டுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.